கையெழுத்துப் போட்டால் ஆளை அடைத்துவிடலாமா?

சட்டம் பேசுவோம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மனநல மருத்துவமனைச் சேர்க்கை குறித்து ஒரு சிறு பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்கள் இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக எடுத்துக்கொண்டன. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. குடும்பங்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு 32 வயது. மனச்சிதைவு நோய்க்கு ஆறு ஆண்டுகளாக மருந்து எடுத்துவந்தவன், ஓராண்டாக நிறுத்திவிட்டான். பக்கத்து வீட்டார் சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள் என்று சொல்லிப் பத்து நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சென்ற வாரம் அம்மாவின் மீது அரிவாள்மனையை ஓங்கிவிட்டான். மருத்துவமனைக்கு வர மறுக்கிறான். உறவினர் ஒருவர் ஒரு தனியார் மையத்தின் எண்ணைக் கொடுத்து, “பணத்தைக் கட்டிக் கையெழுத்துப் போட்டால் போதும், அவர்களே வேனில் நாலு பேரோடு வந்து ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்” என்கிறார். சட்டத்தில் இதற்கு இடமுண்டா? (ஒரு வாசகி, திருச்சி)

வேனைக் கூப்பிடாதீர்கள், சகோதரி. உங்கள் தம்பிக்கு உடனடிச் சிகிச்சை தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை; அதைப் பெற்றுத் தர உங்களுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த வழியில் போனால் நாளைக்கு அவர் உங்களை நம்பிச் சாப்பிட உட்காருவதற்கும் ஒரு வாய்ப்பு மிஞ்சும்.

இப்போது நடைமுறையில் இருப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இது 2018 மே 29 முதல் செயல்பாட்டுக்கு வந்து, அதற்கு முன்பிருந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து அவரை உள்ளே வைக்க இந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. தன் சிகிச்சை பற்றிய செய்தியைப் புரிந்துகொள்ள முடிகிறதா, ஒப்புக்கொண்டால் என்னாகும் மறுத்தால் என்னாகும் என்பதை உணர முடிகிறதா, தன் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிக்க முடிகிறதா என்று அது கேட்கிறது. பிறருடைய கண்ணுக்கு முடிவு தவறாகத் தெரிகிறது என்பதாலேயே முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அந்தத் திறன் இப்போதைக்கு இல்லை, மிக அதிகமான துணை இருந்தால்தான் முடிவெடுக்க முடியும் என்ற நிலையில், 89-ஆவது பிரிவின்படி ‘ஆதரவுடன் கூடிய சேர்க்கை’ நடக்கலாம். அதற்கு நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளி தன் சார்பில் நிற்கத் தேர்ந்துகொண்டவர், எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் தம்பி யாரையும் நியமித்திருக்காவிட்டால், உறவினர் என்ற முறையில் உங்கள் அம்மாவோ நீங்களோ அந்த இடத்தில் நிற்கலாம். ஆனால் உங்கள் கையெழுத்து ஒரு விண்ணப்பம்தான். முடிவு உங்களுடையது அன்று. ஒரு மனநல மருத்துவரும், அவரோடு இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, சேர்க்கை நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ அவரைத் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். தனக்குத் தீங்கு செய்துகொள்ள முயல்வது அல்லது மிரட்டுவது, பிறரிடம் வன்முறையாக நடப்பது அல்லது அடித்துவிடுவாரோ என்று அவர்களை அஞ்ச வைப்பது, தனக்கே ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் போவது ஆகிய மூன்றில் ஒன்றாவது அண்மையில் நிகழ்ந்திருக்கும் அளவுக்கு நோய் கடுமையாக இருப்பதாக இருவரும் காண வேண்டும். அதோடு, இதைவிடக் குறைவாக அவருடைய சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் வேறு வழி இல்லை என்றும் சான்றளிக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஓங்கிய அரிவாள்மனையும் பத்து நாள் பட்டினியும் பரிசோதிக்கும் மருத்துவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய செய்திகள். தேதியோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.

இந்தச் சேர்க்கை 30 நாட்களுக்கு மேல் செல்லாது. மருத்துவமனை, பெண்களையும் சிறார்களையும் பொறுத்தவரை மூன்று நாட்களுக்குள்ளும், மற்றவர்களைப் பொறுத்தவரை ஏழு நாட்களுக்குள்ளும், இத்தகைய சேர்க்கைகளைச் சரிபார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். முடிவெடுக்கும் திறன் திரும்பியிருக்கிறதா என்று ஏழு நாட்களுக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். 30 நாட்களுக்குப் பிறகும் தேவைப்பட்டால் அது 90-ஆவது பிரிவின் கீழ் வரும் வேறு நடைமுறை. இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், வாரியம் 21 நாட்களுக்குள் அனுமதிக்கவோ வீட்டுக்கு அனுப்பச் சொல்லவோ வேண்டும். அதுவும் முதலில் 90 நாள், அடுத்து 120, பிறகு ஒவ்வொரு முறையும் 180 நாள் என்ற வரம்புக்குள்தான். இன்று பெயருக்கு டிஸ்சார்ஜ் செய்துவிட்டு நாளைக்கே மறுபடி 30 நாள் கணக்கைத் தொடங்கும் தந்திரத்தையும் சட்டம் எதிர்பார்த்திருக்கிறது. ஏழு நாட்களுக்குள் மீண்டும் சேர்ப்பதென்றால் 89-இன் கீழ் முடியாது, 90-இன் கடுமையான நடைமுறைக்குத்தான் போக வேண்டும்.

‘இதெல்லாம் அவர் மருத்துவமனை வாசலுக்கு வந்த பிறகுதானே, வர மறுப்பவரை எப்படி அழைத்துப்போவது?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்கு 94-ஆவது பிரிவு இருக்கிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ மீளாத கேடு, தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு ஆகியவற்றைத் தடுக்க உடனே தேவைப்படும் சிகிச்சையைப் பதிவு பெற்ற எந்த மருத்துவரும், பிரதிநிதி உடனிருந்தால் அவருடைய ஒப்புதலைப் பெற்று, வீட்டிலேயே கூடத் தரலாம். அருகிலுள்ள மனநல நிறுவனத்துக்குக் கொண்டுசெல்வதும் அதில் அடங்கும். இது 72 மணி நேரத்துக்கு அல்லது அங்கே பரிசோதனை நடக்கும் வரைக்கும், எது முன்போ அதுவரை மட்டும். இங்கே சட்டம் சொல்வது மருத்துவரை. வேனில் வரும் நான்கு பேரை அன்று. உடல்நோய்க்கு ஆம்புலன்ஸ் எப்படியோ அப்படியே மனநோய்க்கும் கிடைக்க வேண்டும் என்பது 21-ஆவது பிரிவு தரும் உரிமை. ஆகவே 108-ஐத் தயங்காமல் அழையுங்கள். வீட்டில் அவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) கேளுங்கள். வயது வந்த ஒரு பெண்ணை அவருடைய பெற்றோரே, காவல்துறையையும் ஆம்புலன்ஸ் ஆட்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, தங்கியிருந்த வீட்டிலிருந்து வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனது சட்டவிரோதம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அதுவும் பழைய சட்டத்தின் கீழேயே. பெற்றவர்கள் என்ற உரிமை அங்கே ஒரு வாதமாக நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவில், தன் மணிக்கட்டையும் மகனுடைய மணிக்கட்டையும் ஒரே துண்டால் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்ற தந்தை ஒருவரைப் பார்த்தேன். அவர் சேர்க்கைப் படிவத்தை நீட்டினார். மருத்துவர் அதை வாங்காமல் மகனைப் பார்த்து, “காலையில என்னப்பா சாப்பிட்ட?” என்றார். பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நாலு நாளா தூக்கமில்ல சார்” என்றான். அரை மணி நேரம் பேசிய பின், தானே தங்குவதாகச் சொல்லி, நடுங்கும் கையால் அவனே கையெழுத்துப் போட்டான். அது 86-ஆவது பிரிவில் வரும் சுயவிருப்பச் சேர்க்கை. முதலில் அதைத்தான் முயல வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. துண்டை அவிழ்த்தது அந்தத் தந்தைதான். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

கேள்வி: என் கணவரின் கையெழுத்தின் பேரில் என்னை ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் 19 நாள் வைத்திருந்தார்கள். கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள், என் அம்மாவைப் பார்க்க விடவில்லை, பேன் இருக்கிறது என்று சொல்லித் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தையை மாமியார் வைத்துக்கொண்டார். இப்போது அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி விவாகரத்துக் கேட்டிருக்கிறார். ஏதாவது பேசினால் மறுபடி சேர்த்துவிடுவேன் என்று மிரட்டுகிறார். நான் என்ன செய்வது? (ஒரு வாசகி, கோவை)

முதலில் அந்த மிரட்டலின் பல்லைப் பிடுங்கிவிடுவோம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் அம்மாவையோ நீங்கள் நம்பும் வேறொருவரையோ நியமனப் பிரதிநிதியாக நியமிப்பதாக எழுதிக் கையொப்பமிடுங்கள். அவருடைய சம்மதத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். வெள்ளைத் தாளே போதும் என்று 14-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. பிரதிநிதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமையுண்டு. நீங்கள் யாரையும் நியமிக்காதபோதுதான் ‘உறவினர்’ என்ற தகுதியில் கணவர் வருகிறார். கணவர் என்பதால் தாயைவிட அவருக்கு முன்னுரிமை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் பல மருத்துவமனைகளின் சேர்க்கை மேசையில் அப்படியொரு சட்டம் எழுதாமலேயே அமலில் இருக்கிறது.

அடுத்து, உங்கள் மருத்துவ ஆவணங்களின் நகலை மருத்துவமனையில் எழுத்துமூலம் கேளுங்கள். 25-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, முழு கேஸ் ஷீட்டும் வேண்டும். அது கைக்கு வந்ததும் இவற்றைத் தேடுங்கள்: எந்தப் பிரிவின் கீழ் சேர்த்தார்கள், இரண்டாவதாகப் பரிசோதித்தவர் யார், எந்தத் தேதியில், முதல் பதிலில் சொன்ன மூன்று அளவுகோல்களில் எதை எழுதியிருக்கிறார்கள், வாரியத்துக்கு மூன்று நாட்களுக்குள் தகவல் போயிற்றா, ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் உங்கள் முடிவெடுக்கும் திறனைப் பரிசோதித்த குறிப்பு இருக்கிறதா. நான் பார்த்த இத்தகைய கோப்புகளில் முதல் பக்கம் அழகாக இருக்கும். ஏழாம் நாள் குறிப்புதான் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், அல்லது எல்லா நாளுக்கும் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கும்.

நீங்கள் எழுதியுள்ள ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் பெயர் சொல்லியே இடமுண்டு. பார்வையாளரைச் சந்திக்கவும் மறுக்கவும், தொலைபேசியில் பேசவும் உங்களுக்கு உரிமை தருவது 26-ஆவது பிரிவு. கட்டாயமாகத் தலைமுடியை மழிக்கக் கூடாது, விரும்பினால் சொந்த உடைகளை உடுத்த விட வேண்டும், தனிமை மதிக்கப்பட வேண்டும் என்கிறது 20-ஆவது பிரிவு. சிகிச்சையிலிருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 21-ஆவது பிரிவு. குழந்தைக்குத் தீங்கு நேரும் என்று மனநல மருத்துவர் பரிசோதித்துக் கருதினால்தான் விலக்கு. இவற்றை எழுதி மனநல மறுஆய்வு வாரியத்தில் கட்டணமின்றி முறையிடலாம். மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள நீதித்துறையினர் தலைமையில், ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், மற்றொரு மருத்துவர், இவர்களோடு நோயை அனுபவித்தவர்கள், பராமரிப்பவர்கள் அல்லது அத்துறைத் தொண்டு நிறுவனத்தார் இருவர் அமரும் அமைப்பு அது. வாரியத்தின் முடிவில் குறையிருந்தால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சட்டம் எழுதியிருக்கும் வேகத்தில் வாரியங்கள் எல்லா ஊரிலும் நடப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த மனுவையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

விவாகரத்து வழக்குக்கு வருகிறேன். இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் ஒரு காரணம்தான். ஆனால் நோயின் பெயர் மட்டும் காரணமாகாது. சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்க முடியாத தன்மையும் அளவும் அதற்கு இருக்க வேண்டும். மனச்சிதைவு என்று முத்திரை குத்தினால் மட்டும் போதாது, எந்த அளவில் என்று நிறுவ வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. மனநோய் இருப்பதாகத் தீர்மானிப்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவும் கூறுகிறது. கணவர் தாக்கல் செய்திருக்கும் மருத்துவச் சான்றை உங்கள் வழக்கறிஞர் மறுத்தால், 105-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் அதை மறுஆய்வு வாரியத்தின் பரிசீலனைக்கு அனுப்பியாக வேண்டும். இந்தப் பிரிவு பல வழக்கறிஞர்களுக்கே நினைவில் வருவதில்லை, நீங்களே நினைவூட்டுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணிலோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

கேள்வி: எங்கள் கடை வாசலில் மனநலம் குன்றிய ஒருவர் பல மாதங்களாகப் படுத்திருக்கிறார். காலில் புண் வைத்துவிட்டது. காவல் நிலையத்தில் சொன்னால் ‘அது எங்கள் வேலை இல்லை’ என்கிறார்கள். (ஒரு வணிகர், மதுரை)

அது அவர்களுடைய வேலைதான், ஐயா. தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் அலைபவரைத் தம் பாதுகாப்பில் எடுத்து, காரணத்தை அவருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ சொல்லி, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டிய கடமையைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு 100-ஆவது பிரிவு விதிக்கிறது. எக்காரணம் கொண்டும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் பொறுப்பு. ஆனால், அழுக்கு உடையோடு தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பது மட்டுமே ஒருவரைப் பிடித்துப்போகக் காரணமாகாது. புகாரில் ‘கடைக்கு இடைஞ்சல்’ என்று எழுதாமல், காலின் புண்ணை எழுதுங்கள்.

கேள்வி: அப்பாவின் குடியை நிறுத்த ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிச் சேர்த்தோம். ஒரு மாதமாகப் பேச விடவில்லை. போய்ப் பார்த்தபோது இரும்புக் கதவுக்குப் பின்னால் நிறுத்திக் காட்டினார்கள்; கணுக்காலில் தழும்பு இருந்தது. ‘வீட்டுக்குக் கூட்டிப்போ’ என்றார். மையத்தாரோ இடையில் விட முடியாது, பணமும் திரும்பாது என்கிறார்கள். (ஒரு வாசகர், சேலம்)

இன்றே போய்க் கூட்டி வாருங்கள். மையத்தார் விட மறுத்தால் காவல் துறையை உடனழைத்துச் செல்லுங்கள்.

மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. ஆகவே அவற்றுக்காக ஆட்களைத் தங்கவைக்கும் இடம், மையம் என்றாலும் இல்லம் என்றாலும் ஆசிரமம் என்றாலும், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறைக்கே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். பதிவுச் சான்றை வரவேற்பறையில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் அப்பா முடிவெடுக்கும் திறனோடு இருப்பவர் என்றால் அவர் சுயவிருப்ப நோயாளி. கேட்டவுடன் அனுப்ப வேண்டும். 89-ஆவது பிரிவின் நிபந்தனைகள் பொருந்துமோ என்று பரிசோதிக்க வேண்டியிருந்தால் 24 மணி நேரம் மட்டும் நிறுத்திவைக்கலாம். மூன்று மாதப் பேக்கேஜ் என்ற ஒன்றைச் சட்டம் அறியாது.

கணுக்கால் தழும்பைப் படமெடுத்து, அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதை 95-ஆவது பிரிவு முற்றாகத் தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் ஷாக் வைப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடும் எழுத்துப் பதிவோடும் உடலைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கவோ கூடாது. மீறினால் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது எவ்வளவு குறைவு என்பது 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்ததை நினைப்பவர்களுக்குப் புரியும். மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோரை அங்கே கொண்டுவந்து விட்டவர்களும், உங்களைப் போலவே, குணமாகிவிடும் என்று நம்பிய குடும்பத்தார்தான்.

கேள்வி: எனக்கு இருமுனைக் கோளாறு. இப்போது நலமாக வேலைக்குப் போகிறேன். ‘உனக்கென்ன, கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னதிலிருந்து ஒரு பயம். மறுபடி நோய் வந்தால் என் பேச்சு எடுபடாதா? (ஒரு வாசகர், சென்னை)

1794-இல் தொடங்கி இத்தனை தலைமுறைக்குச் சிகிச்சை தந்துவரும் ஒரு நிறுவனம் இருக்கும் ஊரின் பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அது நம் குறை, உங்களுடையதன்று.

நலமாக இருக்கும் இந்த நாட்களில் சொல்வதை, நோயுற்ற நாட்களில் கேட்கவைப்பதற்கென்றே 5-ஆவது பிரிவு முன்கூட்டிய அறிவுறுத்தல் என்ற ஏற்பாட்டைத் தருகிறது. எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், பிரதிநிதி யார் என்று எழுதி, வாரியத்தில் பதிவு செய்யலாம். மருத்துவர் அதைப் பின்பற்றக் கடமைப்பட்டவர். பின்பற்ற இயலாது என்று மருத்துவரோ குடும்பத்தாரோ கருதினால், தாங்களாக ஒதுக்கிவிட முடியாது, வாரியத்திடம் விண்ணப்பித்து மாற்றச் சொல்ல வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் அது கட்டுப்படுத்தாது.

பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்த மருந்து உங்களுக்குக் கை நடுக்கம் தந்தது, எது ஒத்துவந்தது, யாரைப் பார்க்க விரும்புவீர்கள், யாரை உள்ளே விடக் கூடாது, வேலையிடத்துக்கு என்ன காரணம் சொல்ல வேண்டும் என்பது வரை எழுதுங்கள். ஒரு நகலை உங்களுடைய மருத்துவரிடமும், இன்னொன்றை இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் கைப்பேசியை எடுக்கக்கூடியவரிடமும் கொடுத்து வையுங்கள்; பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கும் தாளை எந்த மருத்துவராலும் பின்பற்ற முடியாது.